கன்றின் இரத்தம் இல்லாமல் செல் வளருமா?

பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்கிறார்: “ஆய்வக இறைச்சிக்கு மாட்டுக் கன்றின் இரத்தம் வேண்டுமாமே? மாடு சாப்பிடாத எங்கள் வீட்டுக்கு இது ஆகுமா?”

நியாயமான கேள்வி. 2020 டிசம்பரில் சிங்கப்பூர் அனுமதித்த கோழியிறைச்சியில் கன்றுக் கருவின் சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) பயன்பட்டது. சீரமில்லா முறைக்கு 2023இல் அனுமதி கிடைத்தது. ஆக, அது இல்லாமலும் முடியும். எப்படி?

செல்லை வளர்க்கும் சத்துத் திரவத்தை ஊடகம் என்பார்கள். அதற்கு வேண்டிய குளுக்கோஸ், உப்பு, அமினோ அமிலம், வைட்டமின் ஆகியவற்றின் பட்டியலை அமெரிக்க ஆய்வாளர் ஹாரி ஈகிள் 1950களிலேயே வகுத்துவிட்டார். அவருடைய ஊடகத்துக்கும் கொஞ்சம் சீரம் தேவைப்பட்டது. அந்தக் கொஞ்சத்தின் பெரும்பகுதி வேலையை இன்று மூன்று பொருள்கள் செய்கின்றன. லிட்டருக்கு இன்சுலின் 10 மி.கி., இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரின் 5.5 மி.கி., செலினியம் தரும் உப்பான சோடியம் செலினைட் வெறும் 6.7 மைக்ரோகிராம். இன்சுலின் செல்லை வளரத் தூண்டுகிறது. செலினியம், செல்லைக் கெடுக்கும் பெராக்சைடு என்ற பொருள்களைச் சிதைக்கும் நொதிக்குள் அமர்கிறது. அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சு.

டிரான்ஸ்ஃபெரின் செய்யும் வேலைதான் அழகு. இரும்பில்லாமல் செல் பெருகாது. இரும்பு உப்பை அப்படியே கரைத்தாலோ, நடுநிலை நீரில் துருவாகப் படியும். கரைந்து நிற்பதும் பெராக்சைடோடு சேர்ந்து செல்லை அரிக்கும். டிரான்ஸ்ஃபெரின் இரண்டு இரும்பு அயனிகளை இறுகப் பிடித்துக்கொண்டு, பி.எச். 7.4இல் (பி.எச். புளிப்பைக் காட்டும் எண்; எண் குறைந்தால் புளிப்பு கூடும்) செல்லின் மேற்பரப்பில் அதைப் பிடிக்கும் புரதமான ஏற்பியில் ஒட்டுகிறது. செல் டிரான்ஸ்ஃபெரினையும் ஏற்பியையும் சேர்த்து ஒரு சிறு பைக்குள் இழுத்து, பையின் பி.எச். 5.5 ஆகும் வரை புளிப்பேற்றுகிறது. பிடி தளர்ந்து இரும்பு கழல்கிறது. வெறுங்கையான டிரான்ஸ்ஃபெரினோ புளிப்பில் ஏற்பியை விடுவதில்லை; விட்டால் உள்ளேயே செரித்துப்போகும். பை மேற்பரப்புக்குத் திரும்பி மறுபடி 7.4ஐத் தொட்டதும்தான் விலகி, அடுத்த சுமைக்குப் போகிறது. புளிப்பு ஏறி இறங்குவதே ஏற்றவும் இறக்கவும் போதுமானதாக இருக்கிறது!

மனித டிரான்ஸ்ஃபெரினை இப்போது மரபணு மாற்றிய நெல்லிலிருந்தும் எடுக்கிறார்கள்; இன்சுலின் நுண்ணுயிரிகளிலிருந்து வருகிறது. வாசகிக்கு என் பதில்: மாட்டிலிருந்து எதுவும் எடுக்காமலே ஊடகம் தயாரிக்கலாம். ஆனால் “சீரம் இல்லை” என்ற சொல் மட்டும் போதாது. மாட்டு இரத்தப் புரதமான அல்புமின் அதில் இருக்கலாம், கேளுங்கள். கெடாவின் நெல்வயல்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பினாங்கு ஆய்வகங்களுக்கு இந்தப் புரதங்களைத் தயாரிக்க அரசு பணம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஹலால் கேள்விக்கும் இதே வேலை உதவும்.

சீரமில்லா ஊடகத்தில் செல் வளர்த்துப் பார்க்கும் மாணவர்கள் ஒரே நாளில் ஊடகத்தை மாற்றாதீர்கள். புதியது 25, 50, 75, 100 விழுக்காடு என ஏற்றுங்கள். உயிருள்ள செல்கள் 90 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அதே படியில் நில்லுங்கள். நுண்ணுயிர்க்கொல்லியைக் குறையுங்கள், அதைப் பிணைத்து மட்டுப்படுத்தும் சீரப் புரதங்கள் இப்போது இல்லை. ஊடகத்திலுள்ள அமினோ அமிலமான குளுட்டமின் 37 டிகிரியில் தானே சிதைந்து அம்மோனியாவாகும். ஊடகம் தயாரித்த தேதியை எழுதி வையுங்கள். அதிகம் கெடுப்பது, தட்டில் ஒட்டிய செல்களைப் பிரித்தெடுக்க ஊற்றும் நொதியான டிரிப்சின். சீரம் இருந்தவரை அதுவே டிரிப்சினை அடக்கியது. இப்போது செல்களைப் பிரித்தெடுத்தவுடன் டிரிப்சினை அடக்கும் சோயாத் தடுப்பானைச் சேர்த்து, செல்கள் அடியில் படியச் சுழற்றி, பழைய திரவத்தைக் கொட்டிவிட வேண்டும். இல்லையென்றால் டிரிப்சின் செல்லின் மேற்பரப்புப் புரதங்களைத் தொடர்ந்து அறுக்கும். மறுநாள் செல்கள் தட்டில் ஒட்டாமல் மிதக்கும்.