தோட்டா கிடைக்காத காலத்தில் எதைச் சுடக் கூடாது

விளையாட்டுத் துப்பாக்கிச் சுடுதலில் பயிற்சியளித்து வரும் என்னிடம் கடந்த சில ஆண்டுகளாக வீரர்களும் அவர்களுடைய பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ".22 தோட்டா எப்போது வரும், வராவிட்டால் வேறு எதைப் பயன்படுத்தலாம்?" .22 என்பது போட்டி ரைபிள்களில் சுடும் சிறிய விட்டத் தோட்டா. கேள்வியின் முதல் பாதிக்கு விடை என் கையில் இல்லை. இரண்டாம் பாதிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும், பயிற்சி குறையும்; அவற்றை எப்படியும் ஈடுகட்டிவிடலாம். ஆனால் கையில் கிடைத்ததைப் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. துப்பாக்கியில் அந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்தால் விரல் போகும், கண் போகும், சில வேளை உயிரே போகும். தட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர்கள் பதற்றப்படுவதில்லை என்பதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உலகில் பொதுமக்களுக்கான தோட்டாச் சந்தை மிகப் பெரிதாக இருக்கும் நாடு அமெரிக்கா. 2020-இல் கொரோனா அச்சம், கலவரங்கள், அதிபர் தேர்தல் ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தபோது அங்கே துப்பாக்கி வாங்குவோர் கூட்டம் திடீரெனப் பெருகியது. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் எஃப்.பி.ஐ. அமைப்பு 2019-இல் ஏறத்தாழ 2.84 கோடி சோதனைகளைச் செய்திருந்தது. 2020-இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 3.97 கோடியானது. இவை அனைத்தும் விற்பனைகள் அல்ல என்றாலும், தேவை எந்த வேகத்தில் ஏறியது என்பதை இவை காட்டுகின்றன. புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் சில பெட்டித் தோட்டாக்களையும் சேர்த்தே வாங்கினார்கள். அலமாரி காலியாவதைப் பார்த்த பழைய சுடுநர்கள் தேவைக்கு மேல் வாங்கி அடுக்கினார்கள். முன்பு ஒன்று 20 சென்ட் அளவில் கிடைத்த சாதாரண 9 எம்.எம். கைத்துப்பாக்கித் தோட்டாவின் விலை சில மாதங்களில் மூன்று, நான்கு மடங்கானது. ஓர் ஆளுக்கு ஒரு பெட்டி, இரண்டு பெட்டி என்று கடைகள் வரம்பு வைத்தன.

இயந்திரங்களை இரவும் பகலும் ஓட்டினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ஓட்டினார்கள். தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறியைத் தரும் ப்ரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் ஈயக் குண்டு. இந்த நான்கில் மூன்று இருந்து ஒன்று இல்லாவிட்டாலும் தோட்டா இல்லை. 2020-இல் முட்டுக்கட்டையாக நின்றது ப்ரைமர்தான். அதில் இருக்கும் லெட் ஸ்டிஃப்னேட் கலவை உராய்வுக்கும் நிலைமின்னுக்கும் எளிதில் வெடித்துவிடும் இயல்புடையது. எனவே அதை ஈரமாக வைத்தே, சிறு அளவுகளாக, தேர்ந்த தொழிலாளர்கள் கையாள வேண்டும். அந்த வேலைக்கு ஆளைப் பழக்கக் காலம் பிடிக்கும். கட்டடம் கட்டவும் பாதுகாப்பு அனுமதி பெறவும் அதைவிட நீண்ட காலம் பிடிக்கும். அமெரிக்காவில் ப்ரைமரைப் பேரளவில் தயாரிப்பவை ஃபெடரல், சி.சி.ஐ., வின்செஸ்டர், ரெமிங்டன் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெயர்களே. தங்கள் சொந்தத் தோட்டாக்களுக்கே ப்ரைமர் போதாத நிலையில், வீட்டில் காலிக் கூடுகளில் மருந்து நிரப்பிச் சுடுபவர்களுக்குத் தனியாக விற்க அவர்களிடம் மிச்சம் இருக்கவில்லை.

தயாரிப்பாளர்கள் புதிய ஆலை கட்டத் தயங்கியதற்கும் காரணம் உண்டு. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பின் சட்டம் இறுகிவிடும் என்ற அச்சத்தில் மக்கள் வாங்கிக் குவித்ததால் .22 தோட்டாவே சில ஆண்டுகள் அரிதாகிப்போனது. பின்னர் 2016 தேர்தல் முடிந்ததும் அச்சம் விலகித் தேவை சரிந்தது. இரு நூற்றாண்டு வரலாறு கொண்ட ரெமிங்டன் நிறுவனம் 2018-இல் ஒரு முறையும், உச்சத் தேவை எழுந்துகொண்டிருந்த 2020 ஜூலையில் மறு முறையும் திவால் பாதுகாப்பு கோரியது. ஆர்கன்சாஸ் மாநிலம் லோனோக்கில் இருந்த அதன் தோட்டா ஆலையை விஸ்டா அவுட்டோர் நிறுவனம் 8.14 கோடி டாலருக்கு வாங்கி, வேலையிழந்திருந்தவர்களைத் திரும்ப அழைத்து ஓட்டத் தொடங்கியது. புதிதாகக் கட்டாமல் நின்றுபோன ஆலையை எழுப்பியது அறிவார்ந்த முடிவு என்பது என் கருத்து. தேவை சரிந்தால் இழப்பும் குறைவு. இது தவிரத் தயாரிப்பாளர்கள் கையாண்ட வழி, அதிகம் விற்கும் 9 எம்.எம்., .223, .22 ஆகியவற்றுக்கே இயந்திரங்களை ஒதுக்கி, வேட்டைக்காரர்கள் கேட்கும் அரிய வகைகளைத் தள்ளிப்போட்டதுதான். ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு இயந்திரத்தை மாற்றும் நேரத்தில் உற்பத்தி நின்றுவிடும் என்பதால் இந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பழைய .30-30 துப்பாக்கியை வைத்திருந்தவர் ஒரு பெட்டிக்காக ஊர் ஊராக அலைந்தார்.

2021-இல் நிலைமை மேலும் இறுகியது. அந்த ஆண்டு மே மாதம் லண்டன் சந்தையில் தாமிரம் டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டி அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. தோட்டாக் கூட்டின் பித்தளையில் ஏறக்குறைய 70 விழுக்காடு தாமிரம். செப்டம்பரில் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதை அமெரிக்கா நிறுத்தியதால், குறைந்த விலையில் வந்துகொண்டிருந்த இரும்புக்கூட்டுத் தோட்டாக்களின் வரத்தும் குறையத் தொடங்கியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்ட பிறகு சிக்கல் ப்ரைமரிலிருந்து வெடிமருந்துக்கு இடம் மாறியது. புகையற்ற மருந்துக்கு அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அதற்கு மூலப்பொருள் பருத்தி விதையின் மேல் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சு. ஐரோப்பா இந்தப் பஞ்சுக்குப் பெரும்பாலும் சீனாவை நம்பியிருக்கிறது. பீரங்கிக் குண்டுக்கும் விளையாட்டுத் தோட்டாவுக்கும் மருந்தின் வேர் ஒன்றுதான் என்பதால், போர் கேட்கும்போது விளையாட்டு வரிசையில் பின்னுக்குப் போகிறது. நம் நீலகிரியில் 1904-இல் நிறுவப்பட்ட அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையும் இதே நைட்ரோசெல்லுலோஸ் வழியில் மருந்து தயாரிக்கும் இடந்தான். அங்கும் முதல் உரிமை படையினருக்கே.

இந்தியாவில் போட்டித் தரத்தில் சுடும் ரைபிள் வீரர்கள் ஏலி, லாபுவா, ஆர்.டபிள்யூ.எஸ். முதலிய ஐரோப்பியத் தயாரிப்புகளைச் சார்ந்திருக்கிறார்கள். அங்கே தாமதமானால் இங்கே பயிற்சி நிற்கிறது. 50 மீட்டர் ரைபிளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரே நிறுவனத்தின் ஒரே வகைத் தோட்டாவிலும் லாட்டுக்கு லாட், அதாவது ஒன்றாகத் தயாரித்த ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் இடையே, சிறு வேறுபாடு இருக்கும். ஒரு பேரலுக்கு, அதாவது துப்பாக்கிக் குழலுக்கு, ஒத்துவரும் லாட் பக்கத்து வீரரின் பேரலுக்கு ஒத்துவராது. ஆகவே தனக்குப் பொருந்திய லாட்டைப் போட்டிக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, சாதாரணப் பயிற்சிக்கு விலை குறைந்த வகையைப் பயன்படுத்துவதே சரியான சிக்கனம். இதைத் தலைகீழாகச் செய்து, நல்லதைப் பயிற்சியில் தீர்த்துவிட்டுப் போட்டியன்று புதிய லாட்டுடன் நிற்கும் இளைஞர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன்; மனம் வலிக்கிறது.

தோட்டாவே இல்லாத நாள்களில் டிரை ஃபயர் செய்யலாம், அதாவது தோட்டா இன்றி ட்ரிகரை இயக்கிப் பழகலாம். நிலை, மூச்சு, விரல் அழுத்தம், சுட்ட பின் குறியை விடாமல் பிடித்திருத்தல் ஆகிய அனைத்தையும் வெடிச் சத்தம் இல்லாமலேயே கற்கலாம். தவறும் இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. பயிற்சி நடக்கும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. .22 துப்பாக்கிகளில் பல, துப்பாக்கிக்குள் தோட்டா அமரும் அறை காலியாக இருக்கும்போது இயக்கினால் தோட்டாவைத் தட்டும் ஊசியோ அந்த அறையின் விளிம்போ சேதமடையக்கூடியவை. ஆகவே தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா என்று கையேட்டில் பார்த்த பின்பே தொடங்க வேண்டும். காற்றழுத்தத்தில் சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிளும் நல்ல மாற்று. அதற்கு வெடிமருந்தும் வேண்டாம், ப்ரைமரும் வேண்டாம். பறக்கும் தட்டுகளைச் சுடும் ட்ராப் பிரிவு வீரர்களின் நிலைதான் கடினம். 2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் அணித் தங்கம் வென்ற மூவரில் ஒருவரான புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் ஆடும் அந்தப் பிரிவில், தகுதிச் சுற்றில் மட்டும் 125 தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டா வரை சுடலாம். பறக்கும் தட்டைத் துரத்திச் சுடும் பழக்கத்தை முழுவதுமாக வெறும் அறையில் பெற முடியாது.

எதைச் செய்யக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் மையம். உள்ளே நுழைகிறது என்பதற்காக ஒரு தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு உரியதாகிவிடாது. பேரலில் பொறித்திருப்பதும் தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். சிறு குண்டுகளைச் சிதறச் சுடும் ஷாட்கன்னில் இதற்கு நெடுங்காலமாக அறியப்பட்ட கொடிய எடுத்துக்காட்டு உண்டு. அதன் பேரலின் அளவை 'போர்' (bore) என்ற எண்ணால் குறிப்பார்கள்; எண் பெரிதானால் குழல் சிறிது. 20 போர் தோட்டா 12 போர் பேரலுக்குள் வழுக்கிச் சென்று சற்று உள்ளே தங்கிவிடும். அறை காலியாகத் தெரிவதால் பின்னால் 12 போர் தோட்டாவையும் போட்டுச் சுட்டால் பேரல், தாங்கிப் பிடித்திருக்கும் கைக்கு அருகிலேயே வெடித்துப் பிளக்கும். இதைத் தடுக்கவே 20 போர் கூடுகளை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். பற்றாக்குறைக் காலத்தில் பல வீட்டு மிச்சங்கள் ஒரே பையில் கலக்கும்போது அந்த மஞ்சள் நிறத்தையும் கவனிக்கத் தவறுகிறார்கள்.

அலமாரியின் அடியிலிருந்து எடுத்த பழைய பெட்டிகள் இன்னோர் ஆபத்து. ஈரம் பட்டுப் பச்சை பூத்த கூடு, எண்ணெய் ஊறிய ப்ரைமர், பெட்டியில்லாமல் உதிரியாகக் கிடைத்த தோட்டா ஆகியவற்றைச் சுட வேண்டாம். உரிய முறையில் ஒப்படைத்துவிடுங்கள். அத்தகைய தோட்டாவில் மருந்து சரியாக எரியாமல் குண்டு பேரலின் நடுவிலேயே சிக்கிக்கொள்ளலாம். சுட்ட ஓசை வழக்கத்தைவிட மெலிந்து கேட்டாலோ உதைப்பு குறைந்தாலோ அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள்; துப்பாக்கியைக் காலி செய்து பேரல் அடைபடாமல் இருக்கிறதா என்று சுடுதளப் பொறுப்பாளரைக் கொண்டு பாருங்கள். ட்ரிகரை அழுத்தியும் வெடிக்காவிட்டால் முனையை இலக்குப் பக்கமே வைத்து, குறைந்தது 30 நொடி காத்திருந்து, பிறகே திறக்க வேண்டும். தாமதித்து வெடிக்கும் தோட்டா உண்டு.

காலிக் கூட்டில் மீண்டும் மருந்து நிரப்புவது அமெரிக்காவில் பரவலான, சட்டத்துக்கு உட்பட்ட பழக்கம். அங்கும் ப்ரைமர் கிடைக்காத மாதங்களில் கிடைத்த பொருளை வைத்து அளவு மாற்றியவர்களுக்கு அனுபவமுள்ளவர்கள் சொன்னது, சோதித்து அச்சிட்ட அளவு அட்டவணையில் இல்லாத சேர்க்கையைத் தொடாதீர்கள் என்பதே. இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். .22 தோட்டாவிலோ பொறி மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால், சுட்ட கூட்டை மறுபடி நிரப்பும் பேச்சுக்கே இடமில்லை. இணையக் காணொளிகளைக் காட்டி "நாமும் செய்யலாமா" என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் கூறும் பதில் இதுதான்.

கிளப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். வரும் பெட்டிகளை லாட் எண்ணோடு பதிவேட்டில் குறித்து, உலர்ந்த, வெப்பம் ஏறாத அறையில் பூட்டி வைத்து, அடுத்த போட்டிக்குத் தேர்வானவர்களுக்கு முதலில் பங்கிடுங்கள். வசதியுள்ள ஒருவர் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு வரை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டால், முதன்முறையாக மாநிலப் போட்டிக்குப் போகும் பள்ளி மாணவிக்கு ஒரு பெட்டியும் மிஞ்சாது. அவளுக்கு அந்தப் பெட்டியை, துப்பாக்கியோடு லாட்டைப் பொருத்திப் பார்க்கும் அவகாசம் இருக்கும்படி, போட்டிக்குச் சில வாரங்கள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.