சொல் விளக்கம்: பின்னணிக் கதிர்வீச்சு

பின் + அணி = பின்னணி. படையின் பின்வரிசையைக் குறித்த சொல். கதிர்வீச்சு அளவீட்டில், தேடும் பொருளை அப்புறப்படுத்திய பின்னும் கருவியில் விழுந்துகொண்டிருக்கும் எண்ணிக்கையே பின்னணி. ‘பின்புலம்’ என்பாரும் உளர்; இரண்டும் சரி. ஆனால் அசையாத திரை போன்றதொரு தோற்றத்தை இரண்டுமே தந்துவிடுகின்றன. இந்தப் பின்னணியோ நாளுக்கு நாள் அசைவது.

இந்தப் பின்னணியில் வரும் கதிர்களில் ஒன்று காமா. காமா, கிரேக்க நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்து. 1900 இல் போல் வில்லார்ட் கண்ட கதிருக்கு 1903 இல் றதபோர்ட் இட்ட பெயர். எழுத்தின் பெயருக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். ‘காமாக் கதிர்’ போதும். தமிழகத்தார் ‘கதிரியக்கம்’ என்பது நம் இலங்கைப் பாடநூல்களில் ‘கதிர்த்தொழிற்பாடு’.

மண்ணிலுள்ள பொற்றாசியம்-40, தோரியம், யுரேனியம், வானத்து அண்டக் கதிர் ஆகியவையே இந்தப் பின்னணியின் மூலங்கள். யுரேனியத் தொடரில் பிறக்கும் ரேடன் வாயு மண்ணிலிருந்து கசிந்து, காற்றில் ஈயம்-214, பிசுமது-214 ஆகச் சிதைகிறது. இவற்றின் அரைவாழ்வுக்காலம் (பாதியாகக் குறைய எடுக்கும் நேரம்) முறையே 27, 20 நிமிடம். தூசியில் ஒட்டிய இவற்றை மழை கழுவி இறக்க, கருவியின் வாசிப்பு ஏறும். மழை விட்டு இரண்டு மூன்று மணியில் பழையபடி இறங்கும். மழை பெய்த கையோடு வாகனத்தின் பொனற்றை ரிசுத்தாளால் துடைத்து, கதிரை எண்ணும் கைகர் குழாயருகே பிடியுங்கள்: எண்ணிக்கை எகிறும், ஏறக்குறைய அரைமணிக்கொருமுறை பாதியாகும். தாமதித்துத் துடைத்தால் ஒன்றும் தெரியாது.

ஆனால் மாரி முழுதும் பார்த்தால் அளவு குறையும். கார்த்திகை, மார்கழியில் ஊறிய வயல் மண்ணின் நீர், கீழிருந்து வரும் காமாவை உறிஞ்சிவிடும். ஆவணியில் வெடித்துக் காய்ந்த அதே மண் கூடுதலாகக் காட்டும். பெய்யும் மழை ஏற்றும், ஊறிய மண் இறக்கும். இதைப் பிரித்தறியாதவர் குழம்புவார்.

நாளுக்குள்ளும் மாற்றமுண்டு. காற்றசையாத விடியற்புறத்தில் ரேடன் நிலத்தோடு தேங்கும். வெயில் ஏறியதும் கலைந்துவிடும். இந்த மாற்றம் நூற்றுக்குச் சில வீதம்தான். நிமிடத்துக்கு 20 எண்ணும் சிறு கருவியில் ஒரு நிமிட வாசிப்பின் தளம்பலே 22 வீதம் (எண்ணிக்கையின் வர்க்கமூலமே தளம்பல்: √20 ≈ 4.5). ஒரு மணிநேரம் எண்ணினால் 1200. தளம்பல் 3 வீதம். பல நாள் அதே நேரத்து வாசிப்புகளைச் சராசரியாக்கினால்தான் விடியல் உயர்வு தெளியும்.

கருவியை ஒரே இடத்தில், நிலத்திலிருந்து 1 மீற்றர் உயரத்தில், செங்கல் சுவரிலிருந்து எட்ட வையுங்கள்; செங்கல்லிலும் இந்த மூலகங்கள் உண்டு. முல்லைத்தீவுக் கொக்கிளாய்க் கரையின் கறுப்பு மணலில் தோரியம் கொண்ட மொனசைற்று என்ற கனிமம் கலந்திருப்பதால், அங்கே எடுத்த பின்னணியை உள்ளூர் வயலின் வாசிப்பிலிருந்து கழிக்கக் கூடாது.