கஸ்டமர்: வாடிக்கை யார் கையில்?

வங்கி, விமான நிறுவனம், தொலைபேசி நிறுவனம் எல்லாம் நம்மைக் கூப்பிடும் பெயர் கஸ்டமர். தமிழில் வாடிக்கையாளர் என்கிறோம். சட்டத்துக்கு நாம் நுகர்வோர், செயலிகளுக்குப் பயனர். ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றாக இவை புழங்கினாலும் ஒவ்வொரு சொல்லும் நம்மை ஒவ்வோர் இடத்தில் நிறுத்துகிறது. நிறுவனங்கள் மக்களை நடத்தும் விதத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு முக்கியமாகிறது.

கஸ்டமர் என்பதன் வேர் கஸ்டம், அதாவது வழக்கம். லத்தீனில் பிறந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. வழக்கமாகச் செலுத்தியாக வேண்டிய தீர்வை கஸ்டம்ஸ் ஆயிற்று. நாம் சுங்கம் என்கிறோமே, அதுதான். ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் சுங்கம் வசூலிக்கும் அதிகாரிக்கும் கஸ்டமர் என்றே பெயர். இன்னொரு கிளையில், ஒரே கடைக்கு வழக்கமாக வருபவர் கஸ்டமர் ஆனார். அந்தச் சொல்லின் உயிர் வாங்குவதில் இல்லை, திரும்பி வருவதில் இருக்கிறது.

வாடிக்கை என்றாலும் வழக்கம்தான். தெலுங்கின் வாடுக, கன்னடத்தின் வாடிகெ இரண்டும் அதன் உறவுச் சொற்கள். ஆகவே வாடிக்கையாளர், கஸ்டமருக்கு வேரோடு பொருந்தும் தமிழ். ஆனால் தமிழ்ச் சொல்லில் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு பகுதி உண்டு: ஆள். ஆளுதல் என்றால் தன் வசத்தில் வைத்திருத்தல். முதலைத் தன் வசம் வைத்திருப்பவர் முதலாளி. வாடிக்கையைத் தன் வசம் வைத்திருப்பவர் வாடிக்கையாளர். வருவதும் வராமல் நின்றுகொள்வதும் அவர் விருப்பம். அவருக்கு இருந்த ஒரே பலம் அதுதான். அடுத்த தடவை வரமாட்டார் என்ற பயம்தான் கடைக்காரரின் தராசை நேராக வைத்திருந்தது.

இன்று அந்த வாடிக்கை கைமாறிவிட்டது. ஒரு நிறுவனத்தை இன்னொன்று வாங்கும்போது, வாடிக்கையாளர் உறவு என்பதையும் விலை மதிப்பிட்டுச் சொத்துக் கணக்கில் எழுதுகிறார்கள். ஒரு மனிதரிடமிருந்து அவர் காலம் முழுக்க எவ்வளவு பெறலாம் என்ற கணக்குக்கு 'வாழ்நாள் மதிப்பு' என்று பெயர். நம் வழக்கம் அவர்களுடைய உடைமையாகிவிட்டது. உடைமையானதை விட்டுவிடாமல் இருக்க வேலி போடுவார்கள். அமேசான் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023இல் தொடுத்த வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிரைம் சந்தாவை ரத்து செய்யும் நடைமுறைக்கு நிறுவனத்துக்குள் 'இலியட்' என்று பெயர் இருந்ததாக அந்த வழக்கு சொன்னது. நீண்ட போரைப் பாடும் நீண்ட காவியத்தின் பெயர்! சேர்வதற்குச் சில சொடுக்குகள், விலகுவதற்கு ஒரு காவியம். தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 2025இல் 250 கோடி டாலருக்கு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

இதைச் சில மேலாளர்களின் பேராசை என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. இலக்கை எட்ட முடியாத ஊழியர்கள், மக்களைக் கேட்காமலே அவர்கள் பெயரில் லட்சக்கணக்கான கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. வேலையை இழந்த சுமார் 5,300 பேரில் மிகப் பெரும்பாலோர் கீழ்நிலையில் இருந்தவர்கள். ஏமாற்றப்பட்டவரும் நசுக்கப்பட்டவரும் ஒரே கவுன்டரின் இரு பக்கம் நின்றார்கள். இலக்கை வகுத்தவர் அந்த அறையிலேயே இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? மார்க்ஸ் 1867இல் 'மூலதனம்' முதல் தொகுதியில் காட்டிய வேறுபாடு இங்கே உதவும். தேவைக்காக விற்று வாங்குபவரின் பாதை சரக்கு, பணம், சரக்கு. கையில் வந்த பொருளைப் பயன்படுத்தியதும் அது முடிந்துவிடும். மூலதனத்தின் பாதை பணம், சரக்கு, கூடுதல் பணம். அதற்கு முடிவே இல்லை, ஏனென்றால் தொடங்கிய இடமும் சேரும் இடமும் பணம்தான். அந்தப் பாதையில் மனிதரின் தேவை நடுவில் கடக்க வேண்டிய ஒரு நிறுத்தம். அவரை மகிழ்வித்தால் பணம் பெருகும் என்றால் மகிழ்விப்பார்கள். சிக்கவைத்தால் இன்னும் பெருகும் என்றால் சிக்கவைப்பார்கள். உற்பத்தியின் ஒரே நோக்கம் நுகர்வே என்று 1776இல் எழுதினார் ஆடம் ஸ்மித். நோக்கமாக இருக்க வேண்டியவர் வழியாக மாறிப்போனார். பிடிக்காவிட்டால் வேறிடம் போகலாமே என்பார்கள். போகும் இடத்திலும் அதே வேலி என்றால், போவது வெறும் அலைச்சல்.

நுகர்வோர் என்ற சொல் வேறொரு வீட்டுப் பிள்ளை. அது கன்ஸ்யூமர் என்பதற்கு ஈடு. அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு எடுத்துத் தீர்த்தல் என்று பொருள். முதலில் அது வீணடிப்பவரையும் குறித்தது. தமிழின் நுகர்தல் மென்மையானது: மணத்தை நுகர்வோம், இன்பத்தை நுகர்வோம். 1962 மார்ச் 15 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, பாதுகாப்பு, தகவல், தெரிவு, குரல் ஆகிய நான்கையும் நுகர்வோரின் உரிமைகளாக அறிவித்தார். அதனால் உரிமை, சட்டம், இழப்பீடு பற்றிப் பேசுமிடத்தில் நுகர்வோர் என்பதே சரி.

ஒரே ஒரு முறை வாங்கிப் போகிறவருக்கு வாடிக்கையாளர் என்ற சொல் பொருந்தாது. அவருக்குக் கொள்வோர் என்ற நல்ல பழஞ்சொல் இருக்கிறது. வணிகர்களைப் புகழும் பட்டினப்பாலை, "கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது" என்கிறது. அங்கே கொள்வதும் கொடுப்பதும் ஒரே அளவுகோலில் நிற்கின்றன.

வாடிக்கையாளர் என்ற சொல்லை, விலகும் வழி திறந்திருக்கும் உறவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. விலகவே விடாமல் மாதாமாதம் பணம் பிடிக்கும் நிறுவனத்தின் கடிதத்தை மொழிபெயர்க்கிறவர்கள், 'மதிப்புமிக்க வாடிக்கையாளரே' என்ற இடத்தில் 'சந்தாதாரரே' என்று எழுதினால் போதும்.