ஐந்தாம் எண்ணிக்கையில் உயரும் கை

பாட்டுக்கு ஆடியே உடற்பயிற்சி செய்யும் ஜும்பா வகுப்பில் கடைசி வரிசையில் நின்று ஆடியவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். பாட்டு காதைப் பிளக்கிறது, முன்னால் ஆடுகிறவர் வாயே திறப்பதில்லை. ஆனாலும் அடுத்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நம் காலுக்குத் தெரிந்துவிடுகிறது. இன்னொருவர் நடத்தும் வகுப்பில் அதே பாட்டுக்கு, அதே அசைவுக்கு, எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்கிறார்கள். இத்தனைக்கும் இரண்டாமவர் முதலாமவரைவிட நன்றாக ஆடுகிறவராக இருப்பார். இருவருக்கும் உள்ள வித்தியாசம் சுமார் இரண்டு வினாடி.

1990களில் கொலம்பியாவின் காலி நகரில் ஏரோபிக்ஸ் சொல்லிக்கொடுத்து வந்தார் பெட்டோ பெரெஸ். ஒருநாள் வகுப்புக்கான கேசட்டை மறந்துவிட்டு வந்தவர், தன்னிடமிருந்த சல்சா, மெரெங்கே என்ற லத்தீன் அமெரிக்க நடன இசைக் கேசட்டுகளைப் போட்டுச் சமாளித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் ஜும்பா. 2001இல் அமெரிக்காவின் மயாமியில் இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து அதை நிறுவனமாக்கினார். (மூவருக்குமே முதற்பெயர் அல்பெர்ட்டோ!) ஒருவர் சமாளித்ததை மற்றவர்களும் செய்ய வேண்டுமென்றால் அதைப் பிரித்துப் போட்டுத்தான் சொல்லித்தர முடியும். பயிற்சியாளராக விரும்புகிறவர்களுக்கான முதல் கட்டப் பயிற்சி மெரெங்கே, சல்சா, கும்பியா, ரெகேட்டோன் என்ற நான்கு தாளங்களில் தொடங்குகிறது.

மெரெங்கே எளிது, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கால் வைத்தால் போதும். சல்சாவில் எட்டு எண்ணிக்கைக்கு ஆறு அடிதான். 1, 2, 3 என்று வைத்துவிட்டு 4இல் நிற்க வேண்டும். 5, 6, 7 வைத்துவிட்டு 8இல் நிற்க வேண்டும். புதியவர்கள் கோட்டை விடுவது அந்த நிற்கும் இடத்தில்தான். ரெகேட்டோனின் உயிர் 3+3+2 என்ற பிரிவு. கேட்கப் புதிதாக இருந்தாலும் ‘தகிட தகிட தக’ என்று சொல்லிப் பார்த்தால் நமக்குப் பழகியதுதான். கீழே பெரிய டிரம் சமமாக அடித்துக்கொண்டே போகும். மேலே இந்தக் கணக்கு அதோடு மல்லுக்கட்டும். அந்த இழுபறியில்தான் இடுப்பு அசையத் தொடங்குகிறது. சல்சாவின் முதுகெலும்பான கிளாவே தாளத்தின் ஒரு வகையையும் இப்படியே சொல்லலாம்: தகிட தகிட தகதிமி தக தகதிமி. மொத்தம் 16. ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் ஒரு தட்டு.

தாளம் கேட்கும்போது மூளை சும்மா கேட்டுக்கொண்டிருப்பதில்லை. ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து கேட்டாலும் அசைவுக்குப் பொறுப்பான பகுதிகள் அங்கே விழித்துக்கொள்கின்றன. சீரான தாளத்துக்கு ஒருவரை விரல் தட்டச் சொன்னால், பெரும்பாலும் ஒலிக்குக் கொஞ்சம் முன்னதாகவே தட்டிவிடுவார். இடைவெளி வினாடியின் நூறில் சில பங்குதான். ஆனாலும் அது காட்டிக்கொடுத்துவிடுகிறது: நாம் தாளத்தின் பின்னால் ஓடுவதில்லை, அடுத்த தட்டை முன்கூட்டியே ஊகித்துப் போய் நிற்கிறோம்.

சரி, பாட்டை ஊகிக்கலாம். முன்னால் நிற்பவர் அடுத்து என்ன செய்வார் என்பதை எப்படி ஊகிப்பது? அங்கேதான் பயிற்சியாளரின் வேலை தொடங்குகிறது.

நிமிடத்துக்கு 128 தட்டு ஓடும் பாட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு தட்டுக்கு ஏறத்தாழ 1.9 வினாடி. அசைவை எட்டெட்டாக எண்ணுவோம், எட்டு முடிந்து அடுத்த ஒன்றில் புதிய அசைவு தொடங்கும். வலப்பக்கம் நகர வேண்டும் என்றால் உடல் எடை அதற்கு முன்பே இடக்காலுக்கு வந்திருக்க வேண்டும். எட்டாம் எண்ணிக்கையில் கை காட்டினால் மிச்சமிருப்பது அரை வினாடிகூட இல்லை. அதற்குள் பார்த்து, புரிந்து, எந்தக் கால் என்று முடிவெடுக்க வேண்டும். எடையோ ஏற்கெனவே தவறான காலில் இருக்கும். மூளை தயார், கால் தயாரில்லை. முதல் எண்ணிக்கையிலேயே காட்டினாலும் வம்பு, ஆர்வக்கோளாறில் பாதிப்பேர் உடனே திரும்பிவிடுவார்கள். ஐந்தாம் எண்ணிக்கையில் கையை உயர்த்தி, திசையைக் காட்டி, விரலால் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறக்கினால் எல்லோரும் ஒன்றாகத் திரும்புவார்கள். அப்போதும் பயிற்சியாளரின் கால் பழைய அசைவைத்தான் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். கை எதிர்காலத்தில், கால் நிகழ்காலத்தில். கற்றுக்கொள்கிறவர்கள் திணறுவது இந்த இடத்தில்தான்.

வகுப்பைப் பார்த்து நின்று ஆடினால் இன்னொரு தலைவலி சேரும். எதிரே நிற்பவரை நாம் கண்ணாடி பிம்பம்போலத்தான் பின்பற்றுவோம். அதனால் வகுப்பிலுள்ளவர்கள் வலக்கையைத் தூக்க வேண்டுமானால் பயிற்சியாளர் இடக்கையைத் தூக்க வேண்டும்.

வாயால் சொல்லிவிட்டால் என்ன? நட்டுவனார் சொல்கட்டை வாயால்தானே சொல்கிறார் என்று கேட்கலாம். நட்டுவாங்கத்தில் குரலே இசையின் ஒரு பகுதி. இங்கே ஸ்பீக்கரோடு போட்டி போட வேண்டும். சத்தமான இடத்தில் நம்மை அறியாமலே குரல் உயர்ந்துவிடும், ஆடிக்கொண்டே கத்தினால் மூச்சும் முட்டும். உடற்பயிற்சி வகுப்பு எடுப்பவர்களுக்குத் தொண்டை கட்டுவது சாதாரணம். ஆகவே கைதான் பேச வேண்டும்.

இதெல்லாம் அழகுக்காக மட்டுமல்ல. அமெரிக்காவில் லாக்ராஸ் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் 19 இளம்பெண்களை ஜும்பா ஆடவைத்து அளந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி இதயத்துடிப்பு உச்ச அளவில் 79 சதவீதம். நிமிடத்துக்குச் செலவானது 9.5 கிலோகலோரி. சிறிய ஆய்வுதான். ஆனால் கால் நிற்காமல் ஓடினால்தான் இப்படி ஒரு கணக்கு வரும். அசைவு மாறும்போதெல்லாம் குழம்பி நின்று, பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி தொடங்கினால் துடிப்பு இறங்கிவிடும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். எட்டெட்டாக எண்ணக்கூடிய ஒரு குத்துப்பாட்டைப் போட்டு, உட்கார்ந்தபடி ஒவ்வொரு ஐந்தாம் எண்ணிக்கையிலும் கையைத் தூக்குங்கள். சுலபமாக வந்துவிடும். அப்புறம் எழுந்து நின்று, காலை மெரெங்கேபோல மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே அதே கையைத் தூக்கிப் பாருங்கள். சரணம் வருவதற்குள் கை ஒன்றாம் எண்ணிக்கைக்கு நழுவிவிடும், அல்லது கால் நின்றுபோயிருக்கும்.