முகம் ஏஜென்சிக்கு, குரல் யாருக்கு?

திரையில் ஒரு சித்திரப் பெண் கண் சிமிட்டுகிறாள். கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் சிமிட்டியதால் அவளும் சிமிட்டுகிறாள். இதற்காக ஓவியர் ஒரே முகத்தைத் துண்டு துண்டாக வரைந்து தந்திருப்பார். மேல் இமை தனி, கருவிழி தனி, நெற்றியில் விழும் முடிக்கற்றை தனி. பிறகு லைவ்டூடி என்ற மென்பொருளில் இன்னொருவர் வேலையைத் தொடங்குவார். தலை இவ்வளவு திரும்பினால் மூக்கு எவ்வளவு நகர வேண்டும், காதோர முடி எவ்வளவு பிந்தி ஆட வேண்டும் என்று ஒவ்வொரு துண்டுக்கும் அசைவைக் கற்றுக்கொடுப்பார். ஐபோனின் முகமறியும் கேமரா புருவம், தாடை, உதடு என 52 அசைவுகளை அளந்து ஓயாமல் அனுப்ப, படம் உயிர்பெறுகிறது. இப்படிச் சித்திர முகத்தோடு நேரலை நடத்துகிறவர்களுக்குத்தான் வீடியூபர் என்று பெயர்.

இந்த முகத்தைச் செய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். முதல் ரசிகர் வருவதற்கு முன்பே ஓவியருக்கும் அசைவு அமைப்பவருக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். கொடுப்பது பெரும்பாலும் வீடியூபர்களைச் சேர்த்து நடத்தும் ஏஜென்சி. ஆகவே முகமும் பெயரும் ஏஜென்சியின் சொத்து என்று ஒப்பந்தத்தில் எழுதப்படும். சிறு ஏஜென்சிகளின் சிக்கல் அந்த வரியிலேயே தொடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

ஜப்பானில் 2016 இறுதியில் கிஸுனா ஐ என்ற பாத்திரம் இந்தக் கலையைப் பரவலாக்கியது. 2018 பிப்ரவரியில் நிஜிசான்ஜி என்ற ஏஜென்சி 8 பேரோடு தொடங்கியது. அதை நடத்தும் எனிகலர் 2022 ஜூனிலும், ஹோலோலைவ் என்ற இன்னொரு ஏஜென்சியை நடத்தும் கவர் 2023 மார்ச்சிலும் டோக்கியோ பங்குச்சந்தையில் இடம்பிடித்தன. நாலைந்து ஓவியங்களும் ஓர் ஒப்பந்தப் படிவமும் இருந்தால் நாமும் அப்படி ஆகிவிடலாம் என்று கிளம்பியவர்களுக்குக் குறைவில்லை.

அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்றை 2006இல் சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருந்தார்கள். அதிகம் அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து, 14,000க்கும் மேற்பட்டோரைக் கேட்கச் சொன்னார்கள். சிலருக்குப் பாடல்கள் மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு எந்தப் பாடலை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையும் தெரியும். எண்ணிக்கை தெரிந்த இடங்களில் பிரபலமானவை மேலும் பிரபலமாயின, மற்றவை மேலும் பின்தங்கின. எண்ணிக்கை தெரிந்தவர்களை எட்டுக் குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியே நடத்தியபோது, ஒன்றில் முந்திய பாடல் இன்னொன்றிலும் முந்தும் என்ற உறுதி இல்லை. மிக மோசமானவை அரிதாகவே வென்றன, மிக நல்லவை அரிதாகவே தோற்றன. இடைப்பட்டவற்றின் கதியைத் தற்செயல் தீர்மானித்தது.

நேரலையில் பார்வையாளர் எண்ணிக்கை எப்போதும் கண்முன்னே நிற்கிறது. போதாக்குறைக்கு, நேரலை நேரத்தைத் தின்னும் பண்டம். ஒரு பாட்டைக் கேட்க நாலு நிமிடம் போதும். ஒரு வீடியூபரோடு இருக்க மூன்று மணி நேரம் வேண்டும். ஏற்கெனவே இரண்டு பேரைப் பின்தொடரும் ரசிகருக்கு மூன்றாமவருக்குத் தர மாலைப்பொழுது மிச்சமில்லை. ஆக, சிறு ஏஜென்சி ஆறு பேரை அறிமுகப்படுத்தினால், ஒருவர் மேலே வருவார், ஒருவர் தாக்குப்பிடிப்பார், மற்ற நால்வரும் சில டஜன் பேருக்கு முன்னால் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒருவர் யார் என்பது முன்கூட்டித் தெரியாது. பெரிய நிறுவனம் அடுத்தடுத்து அணிகளை இறக்கி இந்தச் சூதைத் தாங்கிக்கொள்ளும். சிறியதற்கு ஒரே ஓர் ஆட்டம்தான்.

அந்த ஒருவரின் வருமானத்தைப் பார்ப்போம். நேரலையின்போது ரசிகர் பணத்தோடு அனுப்பும் செய்தியான சூப்பர் சாட்டாக 100 அனுப்பினால் யூடியூப் 30 எடுத்துக்கொள்கிறது. மீதி 70ஐ ஏஜென்சியும் கலைஞரும் பாதிக்குப் பாதி பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். கலைஞர் கைக்கு 35. தனியாக நடத்தினால் 70. தொடக்கத்தில் இந்த 35 அநியாயமில்லை. முகம், விளம்பரம், கூட்டாளிகள் எல்லாம் ஏஜென்சி தந்தவை. ஓராண்டு கழித்து, புதிய முகத்தைத் தன் காசிலேயே செய்துகொள்ள முடிகிற நிலையில், அதே 35 உறுத்தத் தொடங்கும். ஏஜென்சிக்கோ அந்த 35ஐக் கொண்டுதான் மற்ற ஐந்து பேரின் மேலாளர் சம்பளமும் பாட்டு உரிமைக் கட்டணமும் ஓடுகின்றன. அவருக்குக் கூட்டித் தரவும் முடியாது, அவரை இழக்கவும் முடியாது.

இடையில் வேறொரு வேடிக்கையும் உண்டு. தன் விளையாட்டுகளைத் தனிநபர்கள் ஒளிபரப்பிச் சம்பாதிக்கலாம் என்று வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோ 2018இல் விதிமுறை வெளியிட்டது. நிறுவனங்களுக்கு அது பொருந்தாது, அவை தனியே அனுமதி பெற வேண்டும். அதாவது, ஏஜென்சியில் சேர்ந்த அன்றே கலைஞர் தன்னிடம் சும்மா இருந்த ஓர் உரிமையை இழக்கிறார். பெரிய நிறுவனங்கள் பேசி வாங்கிவிடும். சிறியவை கேட்டால் பதில் வருமா என்பதே சந்தேகம்.

சரி, அவர் போகட்டும், முகம் நம்முடையதுதானே, வேறு குரலை வைத்துக்கொள்ளலாமே என்று கணக்கு அறிந்தவர்களுக்குத் தோன்றும். 2019இல் கிஸுனா ஐக்கே பல குரல்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். திரையில் தெரிபவரைப் பழகிய நண்பராகவே மனம் எண்ணிக்கொள்ளும் ஒருதலை உறவைப் பற்றி, தொலைக்காட்சி பரவிக்கொண்டிருந்த 1956இலேயே ஹார்ட்டன், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ரசிகரின் உறவு சிரிப்பொலியோடு, தடுமாறும் உச்சரிப்போடு, அவருடைய பூனைக் கதைகளோடு. முகம் அந்த உறவுக்கு ஒரு வாசல். ஜப்பானிய ரசிகர்கள் உள்ளே இருப்பவரை ‘ஆன்மா’ என்றும், அவர் விலகி வேறு உருவத்தில் வருவதை ‘மறுபிறவி’ என்றும் சொல்கிறார்கள். நம்மிடம் இதற்குக் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்ற பொருத்தமான சொல்லே இருக்கிறது. பாய்ந்தபின் கூடு ஏஜென்சியிடம் இருக்கும்.

இனி காசு சுழலும் விதம். யூடியூப் பணம் அடுத்த மாதம்தான் வரும். சம்பளம் இந்த மாதமே போக வேண்டும். இந்த இடைவெளியை அடைக்கக் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது முன்பதிவுப் பணம். பிறந்தநாள் நினைவுப் பொருட்கள் என்று அறிவித்தால், ரசிகர்கள் முழுத் தொகையை இன்று கட்டிவிடுவார்கள். பொருள் போய்ச் சேர மாதங்கள் ஆகும். அதுவரை வங்கிக் கணக்கு கொழுத்துத் தெரியும். அது வருமானம் அல்ல, ரசிகர் கொடுத்த கடன். அதில் வாடகை கட்டிவிட்டால், அச்சகத்துக்குக் கொடுக்க அடுத்த முன்பதிவு வேண்டும். அந்த அடுத்த முன்பதிவு வெற்றிபெற, அதே நட்சத்திரம் அடுத்த மாதமும் இருந்தாக வேண்டும்.

அவர் விலகுகிறார் என்ற வதந்தி கிளம்பினால் என்ன நடக்கும் என்பதை வங்கிகளை வைத்து டயமண்ட், டிப்விக் இருவரும் 1983இல் விளக்கினார்கள். 2022இல் அவர்களுக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது. மற்றவர்கள் பணத்தை எடுப்பார்கள் என்று நினைத்தாலே போதும், நல்ல வங்கியும் கவிழும், ஏனென்றால் முதலில் ஓடுபவருக்குத்தான் முழுத்தொகை. ஏஜென்சியிலும் அப்படித்தான். கணக்கில் பணம் இருக்கும்போதே தனக்கு வர வேண்டிய பாக்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியேறுபவர் தப்பிப்பார்.

கலைஞர்களிடமே முகத்தின் உரிமையை விட்டுவைத்த அமெரிக்காவின் விஷோஜோ என்ற ஏஜென்சிகூட இதிலிருந்து தப்பவில்லை. 2020இல் தொடங்கிய அந்த நிறுவனம் சின்னதும் அல்ல. 2025 ஜூலையில் அதன் முதன்மை நட்சத்திரமான அயர்ன்மௌஸ், தான் ஓர் அறக்கட்டளைக்காகத் திரட்டிய நிதி போய்ச் சேரவில்லை என்று சொல்லி விலகினார். மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராகக் கிளம்ப, சில நாட்களுக்குள் நிறுவனமே மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஆனால் முகம் அவரவரிடமே இருந்ததால், விலகியவர்கள் அதே பெயரிலும் உருவத்திலும் நேரலையைத் தொடர முடிந்தது.

சிறு ஏஜென்சி மூடும்போது அந்த வசதியும் இருப்பதில்லை. கடைசி நேரலையில் கலைஞர் அழுவார், சித்திரம் அழாது. கண்ணீருக்கு அசைவு அமைக்கப் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். இமையும் கருவிழியும் முடிக்கற்றையும் தனித்தனி அடுக்குகளாகக் கம்பெனியின் கணினியில் கிடக்கும். கடன்காரர்கள் அந்தக் கோப்பை வாங்கி என்ன செய்வார்கள்?