எங்கள் விடுதியில் அதற்குக் கட்டில் இல்லை

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் ஏவுகணைகளாலும் ட்ரோன்களாலும் அடித்துக்கொண்டிருந்த நாட்களில், யாழ்ப்பாணத்தில் நான் பார்க்கும் எரிகாய விடுதியில் ஓர் இளைஞன் கிடந்தான். பெற்றோல் தீ. உடலில் 40 வீதம் வெந்திருந்தது. கைபேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த தகப்பன் என்னை நிறுத்திக் கேட்டார்: "டொக்டர், அணுகுண்டு போடமாட்டார்கள்தானே? இரண்டு பேரிடமும் இருக்கிறது. அந்தப் பயம் இருக்கும்தானே?"

அணுவாயுதத் தடுப்புக் கோட்பாடு என்று நிபுணர்கள் சொல்வதும் இதைத்தான். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1998இல் இரு நாடுகளும் அணுகுண்டுச் சோதனை நடத்தின. மறு ஆண்டே கார்கிலில் மோதினாலும், அது முழுப் போராக விரியவில்லை. முதலில் பயன்படுத்தமாட்டோம் என்பது இந்தியாவின் கொள்கை. பாகிஸ்தான் அந்த வாக்கைக் கொடுக்கவில்லை. படைபலத்தில் பெரிய அயலவனை அந்தச் சந்தேகமே தடுக்கும் என்று நம்புகிறது.

பயம் வேண்டுமென்றே அடிப்பவனைத் தடுக்கலாம். கைதவறுவதை எது தடுக்கும்? 2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து தவறுதலாகக் கிளம்பிய பிரமோஸ் ஏவுகணை ஒன்று பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, எவரும் சாகவில்லை. தவறுதான் என்று இந்தியா வெளிப்படையாக ஒப்புக்கொள்ள இரண்டு நாட்கள் சென்றன. எல்லை அமைதியாக இருந்த காலம் அது. 2025 மே 8 இரவில் அது நடந்திருந்தால்? ஒரு மருந்தை இருவர் சரிபார்த்து ஏற்றும் விடுதிகளிலும் தவறு நடப்பதைக் கண்டவன் நான்.

அந்த இளைஞனின் எடை 60 கிலோ. கணக்குப்படி முதல் 24 மணி நேரத்தில் 9.6 லீற்றர் திரவம் நாளத்தில் ஏற்ற வேண்டும், அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள். மணிக்கு ஒருமுறை சிறுநீரை அளக்க வேண்டும். பிறகு வாரக்கணக்கில் கட்டு மாற்றுவதும் தோல் ஒட்டுவதும். இத்தனையும் ஒருவனுக்கு. ஹிரோஷிமாவில் மருத்துவர்களிலும் தாதியரிலும் ஏறத்தாழ 90 வீதத்தினர் இறந்தார்கள் அல்லது காயமுற்றார்கள். அளப்பதற்கு யார் மிஞ்சினார்கள்?

பனங்குற்றி அடுக்கிப் பங்கர் வெட்டி, செல் அடிக்குத் தப்பியவர்கள் நாங்கள். காயப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓட அன்று ஏதோ ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அந்த அனுபவத்தை வைத்து அணுகுண்டை அளக்காதீர்கள். "ஒன்றைப் போட்டால் அடங்குவார்கள்" என்று நம் பிள்ளைகள் முகநூலில் எழுதுவதைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். இலங்கை 2023 செப்டெம்பரில் அணுவாயுதத் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது என்பதையும் சொல்லுங்கள். பெரியவர்களிலேயே பலருக்கு அது தெரியாது.

"போடமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஐயா" என்றேன் அந்தத் தகப்பனிடம். அவர் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். மே 10 பிற்பகல், இரு நாட்டு இராணுவ நடவடிக்கைத் தலைமை அதிகாரிகளும் தொலைபேசியில் பேசிய பின் சண்டை நின்றது. செய்தியை எனக்குச் சொன்னவரும் அவரே. மகனுக்கு அப்போது கட்டு மாற்றிக்கொண்டிருந்தோம்.