நெல்லுக்கும் செர்ரிக்கும் ஒரே ஈரம்

மன்னார்குடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மகள் அமெரிக்காவிலிருந்து புளிப்புச் செர்ரி வற்றல் கொண்டுவந்தாள். அமுக்கினால் மெத்தென்று விரலில் ஒட்டுகிறது. சலசலவென்று காயவைத்த மணத்தக்காளி வற்றலிலேயே ஐப்பசியில் பூசணம் வருகிறதே, இதில் ஏன் வரவில்லை?"

பிரான்சின் மோன்மொரன்சி ஊர்ப்பெயரைத் தாங்கிய இந்த ரகம் அமெரிக்காவில் பெரும்பாலும் மிச்சிகனில் விளைகிறது. நீண்ட குளிர் இல்லாமல் பூக்காத மரம். நம் டெல்டாவுக்கு வராது. புளிப்பு மிகுதி என்பதால் பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறவைத்தே உலர்த்துகிறார்கள். அந்தச் சர்க்கரையில்தான் விடை இருக்கிறது.

நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு வழக்கமாக 17 சதவீதம். அந்த நெல்லை அப்படியே மூட்டை கட்டி அடுக்கினால் பூசணம் நிச்சயம். 14 சதவீதத்துக்கு இறக்கியாக வேண்டும். செர்ரி வற்றலிலும் ஏறத்தாழ அதே 17 சதவீத ஈரம் இருக்கலாம், ஆனாலும் கெடுவதில்லை. நெல்லின் மாவுச்சத்து நீண்ட சங்கிலிகளாக இறுகிக் கிடப்பதால் நீரைப் பிடித்துவைக்கும் வலு அதற்குக் குறைவு. கரைந்த சர்க்கரையோ கோடானுகோடி சிறு மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி நீரைக் கட்டிப்போடுகிறது. செர்ரிமேல் விழும் பூஞ்சை வித்து நீரை உறிஞ்ச முடியாமல் தன் நீரையும் இழக்கிறது. உப்பில் ஊறும் நார்த்தங்காய் பிழைப்பதும் இப்படித்தான்.

கட்டுப்படாத நீரின் அளவுக்கு 'நீர்ச் செயல்பாடு' என்று பெயர். தூய நீருக்கு 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.9க்குக் கீழே வளர்வதில்லை, 0.6க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருகாது. அளக்கும் முறை எனக்கு மிகப் பிடித்தது. செர்ரியைச் சிறு கிண்ணத்தில் மூடிவைத்தால், மேலிருக்கும் காற்றின் ஈரப்பதம் ஓரிடத்தில் நிலைத்துவிடும். 60 சதவீதத்தில் நின்றால் அதன் நீர்ச் செயல்பாடு 0.6. பழம் தன் நிலையைக் காற்றில் எழுதிக் காட்டுகிறது!

உறக்கம் தரும் என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். 2001 ஆய்வின்படி ஒரு கிராம் மோன்மொரன்சி பழத்தில் உறக்கத்தோடு தொடர்புடைய மெலடோனின் ஹார்மோன் சுமார் 13 நானோகிராம். ஒரு மில்லிகிராம் மாத்திரைக்கு ஈடாக ஏறத்தாழ 75 கிலோ பழம் தின்ன வேண்டும். ரவா கேசரியில் திராட்சைக்குப் பதிலாகப் போடுங்கள். நெய்யில் உப்பி, தித்திப்புக்கு நடுவே சுருக்கென்று புளிக்கும்.

டெல்டாவின் ஈரநெல்லுக்காகத் திருவாரூரில் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. நம் வற்றல்களுக்கும் அங்கே தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை.

மணத்தக்காளிக்கு நேர்ந்ததும் காற்றின் வேலைதான். ஐப்பசிக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். மூடி தளர்ந்த டப்பாவில் வற்றலின் நீர்ச் செயல்பாடும் அதை நோக்கி ஏறும். செர்ரிப் பையையும் திறந்துவைத்தால் அதே கதிதான். இரண்டையும் இறுக மூடும் கண்ணாடி ஜாடிக்கு மாற்றிவிடுங்கள்.